அஞ்சேல் என்னும் தானம்

(தசலட்சணப் பெருவிழாவின் ஏழாம் நாளாகிய உத்தம தவ நாளன்று அறக்கட்டளை மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று தவத்திற்குரிய நாள். தவம் பற்றிப் பேசுக என்று பணித்தார்கள். தவத்தைப் பற்றியே பேசப் போகிறேன். ஆயினும் நோன்பிருப்போரைப் பற்றி அன்று, முழு நோன்பு இருத்தலாகாதவர்களைப் பற்றி. அவர்களுள் ஒரு சாரார் வலிப்பு நோய் உடையோர். நம் குடும்பங்களில் இருவர், இவ்விழா நாட்களில் உண்ணாநோன்பு ஏற்று, உணவோடு மாத்திரையையும் நிறுத்தி, அதன் விளைவாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை நான் அறிவேன். அவர்கள் யார் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு அந்நோய் இருந்தது என்பதே உறவினர் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். எத்தனை ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்தால், நோன்பு ஏற்கும் வேளையில் "எனக்கு இது இயலாது" என்று ஒரு வார்த்தை சொல்ல நாவெழாமற் போயிருக்கும்!

தமிழாசிரியனாக இருந்தவன் ஆதலால் சொல்லிலிருந்து தொடங்குவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலித்தல் என்கிறோம் அல்லவா? தசை இழுக்கப்படுதலின் இது வலிப்பு. மக்கள் வழக்கில் காக்காய் வலிப்பு என்பர். கால் கை வலிப்பு என்பதே அவ்வாறு மருவிற்று என்று சொல்வாரும் உண்டு. பழைய அகராதிகளில் இந்நோய்க்கு முயலகன் என்றும் ஒரு பெயர் காணப்படும். கூத்தபிரான் திருவடியின் கீழ் மிதியுண்டு கிடக்கும் பூதத்தின் பெயரும் அதுவே. வடமொழியில் அபஸ்மாரம், அதாவது நினைவு நீங்குதல். வலிப்பு என்ற சொல் உடம்பில் நடப்பதைச் சொல்கிறது. முயலகன் என்ற சொல் நோயாளியிடத்தில் ஒரு பூதத்தைக் காண்கிறது. நம் வீடுகளில் நாவால் சொல்வது முதற்சொல்லை. மனத்தில் வைத்திருப்பது இரண்டாவதை.

இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. கிரேக்கரும் இதனைத் தெய்வத்தால் வரும் நோய் என்றே கருதினர். அந்நம்பிக்கையை மறுத்து, இந்நோய் மற்ற நோய்களைப் போன்றதே, மூளையில் தோன்றுவதே என்று, மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் ஒரு நூல் சற்றேறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தது. மூளையின் உயிரணுக்கள் மிக நுண்ணிய மின்னோட்டத்தால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவ்வோட்டம் ஒரு கணம் ஒழுங்கு குலைந்து பெருகினால் அதுவே வலிப்பு. இம்மின்னோட்டத்தை மனிதத் தலையின் மேலிருந்தே வரைந்து காட்டலாம் என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்டார். நாம் இ.இ.ஜி. என்று சொல்லும் சோதனை அதுவே.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. உரிய மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே இன்றி வாழ முடியும் என்பதும் அந்நிறுவனத்தின் கூற்று. நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இருப்பர் என்பது மருத்துவர் கணிப்பு. இதற்கான மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய நிலமும் அன்று. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை ஜேக்கப் சாண்டி அவர்கள் 1949-இல் வேலூரில் தொடங்கினார். வலிப்புக்கான அறுவைச் சிகிச்சையை 1952-இலேயே அங்குச் செய்தார். 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அவர்கள் அத்துறையைத் தொடங்கினார். இன்று வலிப்புக்கான அடிப்படை மருந்துகள் இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ளன. அரசு மருத்துவமனைகளில் விலையின்றி வழங்கப்படுகின்றன. மருந்து கிட்டாமல் துன்புறுவோர் நம் புறநகரில் குறைவு. கிட்டிய மருந்தை மறைத்து விழுங்குவோரும், இடையில் நிறுத்துவோருமே மிகுதி.

இனி நோன்புக்கு வருகிறேன். வலிப்பு மருந்து காய்ச்சல் மாத்திரையைப் போன்றதன்று. இரத்தத்தில் அதன் அளவு ஓரளவு நிலையாக இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு வேளை தவறினாலே சிலருக்கு வலிப்பு வரும். திடீரென முற்றிலும் நிறுத்தினால் ஒரு வலிப்பு ஓய்வதற்குள் அடுத்தது தொடரும் நிலை ஏற்படலாம். அது உயிருக்கே இறுதியாகலாம். உறக்கம் கெடுதலும் வலிப்பைத் தூண்டும் காரணங்களுள் முதன்மையானது. ஆகவே விழா நாட்களில் உண்ணாமை, நீருண்ணாமை, இரவெல்லாம் கண்விழித்துப் பாராயணம் என மூன்றும் ஒருங்கே சேரும்போது அவருடைய மூளைக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"உபவாசம் இருந்தால் வலிப்பு குணமாகும் என்று மேனாட்டாரே சொல்கிறார்களே" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவர் கேள்விப்பட்டதில் உண்மை இல்லாமல் இல்லை. பட்டினியின்போது சிலருக்கு வலிப்பு குறைவதைக் கண்டு, 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரசல் வைல்டர் கொழுப்பு மிகுந்த, மாவுப்பொருள் மிகக் குறைந்த ஒரு பத்திய உணவை வகுத்தார். கீட்டோ உணவு என்று இன்று பலரும் உடல் மெலிய உண்பது அதன் வழிவந்ததே. ஆனால் வலிப்புக்காக அதனை மேற்கொள்வது மருந்துக்கு அடங்காத குழந்தைகளுக்குப் பெரும்பாலும். அதுவும் மருத்துவரும் உணவு வல்லுநரும் நாள்தோறும் அளந்து கண்காணிக்க. நம் உபவாசம் அதுவன்று. மாத்திரையை நிறுத்துவதற்கு அது சான்றாகவும் ஆகாது.

நம் சமயம் இவர்களுக்கு என்ன சொல்கிறது? தவம் பன்னிரு வகைப்படும். புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு. உண்ணாமை அப்பன்னிரண்டனுள் ஒன்றே ஒன்று. குறைத்துண்ணலாகிய அவமௌதரியமும் தவமே. நெய், பால், இனிப்பு முதலிய சுவைகளைத் துறத்தலாகிய ரசபரித்தியாகமும் தவமே. நூலோதலாகிய சுவாத்தியாயம் தவத்துள் உயர்ந்தது. பதினாறு பாவனைகளைச் சொல்லுமிடத்தும் ஆன்றோர் தவம் என்று வாளா கூறாமல், சக்திக்கேற்ற தவம் என்று அடைகொடுத்தே கூறினர். அந்த அடைமொழி நோயாளிக்குத் தரப்பட்ட சலுகை என்று நினைப்பது பிழை; இலக்கணமே அது. எனவே, வலிப்பு மருந்து உண்ணும் ஒருவர் இன்று ஒரு சுவையைத் துறந்து, ஓர் அதிகாரம் ஓதி, தம் மாத்திரையை வேளை தவறாமல் உண்டாரானால், அவர் உத்தம தவ நாளைக் குறைவறக் கொண்டாடியவரே ஆவார். மூத்தோர் இதனை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இளையவர்கள் தாமாகவே கேட்க மாட்டார்கள்.

நாள்தோறும் எழும் இன்னொரு சிக்கல் இரவுண்ணாமை. மருத்துவர் காலை ஒன்று, இரவு ஒன்று என எழுதித் தருவார். இரவில் நீரும் அருந்தாத வீடுகளில் அந்த இரண்டாம் மாத்திரை தயங்கித் தயங்கி நாளடைவில் நின்றுபோகிறது. இதற்கு வழி நம் ஊரின் வானத்திலேயே இருக்கிறது. சென்னையில் மிகக் குறுகிய பகலும் 11 மணி நேரத்திற்குக் குறைவதில்லை; மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. நாளுக்கு இருமுறை என்றால் ஏறத்தாழ 12 மணி நேரத்திற்கு ஒருமுறை என்பதுதானே பொருள்? கதிரவன் தோன்றிய பின் ஒன்று, மறையும் முன் ஒன்று என்றால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். சில மருந்துகள் ஒருவேளை மட்டும் உண்ணும் வகையிலும் கிடைக்கின்றன. ஆயினும் நேரத்தை நாமே மாற்றிக்கொள்ளலாகாது. "ஐயா, நாங்கள் இரவில் உண்பதில்லை, அதற்கேற்ப நேரம் அமைத்துத் தாருங்கள்" என்று மருத்துவரிடம் சொன்னால் போதும். அவ்வாறே மாத்திரைக் கூடு பற்றிய ஐயமும். கேப்ஸ்யூலின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. அதை அறிந்து மருந்தையே விட்டவர்கள் உண்டு. பெரும்பாலான வலிப்பு மருந்துகள் கூடில்லா மாத்திரையாகவும், குழந்தைகளுக்குத் திரவமாகவும் கிடைக்கின்றன. கேட்டுப் பெறலாம், கேட்பதற்குள் நிறுத்தலாகாது.

இங்கே இடையில் ஒன்று. "நாம் ஊன் உண்ணாதவர்கள், பன்றியிறைச்சியால் வரும் புழு நமக்கு எப்படி வரும்?" என்று எண்ணுவோர் பலர். மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்கும் நாடாப்புழுக் கட்டி இறைச்சியால் நேரே வருவதன்று. வயிற்றில் நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்தோடு வெளிப்படும் முட்டைகள், கழுவாத கையாலோ, நீராலோ, பச்சையாக உண்ணும் காய்கீரையாலோ பிறர் வயிற்றை அடைவதால் வருவது. இந்திய நோயாளிகளின் மூளைப் படங்களில் காணப்பட்டு, முன்னர்க் காசநோயாகக் கருதப்பட்ட சிறு வளையங்கள் பல இப்புழுவால் ஆனவை என்பதை வேலூர் மருத்துவர்களின் ஆய்வுகள் தெளிவாக்கின. கிழங்கு நுழையாத வீட்டிலும் கொத்தமல்லியும் வெள்ளரியும் உண்டு. நன்றாகக் கழுவுங்கள்.

நம் கண்ணெதிரே ஒருவருக்கு வலிப்பு வந்தால் என் செய்வது? இம்மண்டபத்திலேயே, மின்சார ரயிலிலேயே, கடையிலேயே வரலாம். முதலில் நேரம் பாருங்கள். நமக்கு ஒரு யுகமாகத் தோன்றுவது கடிகாரத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடமே. சுற்றியுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். தலைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். துடிக்கும் கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டா. பிடித்தால் எலும்பு முறியலாம். வாயில் கரண்டியோ துணியோ விரலோ திணிக்க வேண்டா. நாக்கை எவராலும் விழுங்க முடியாது. துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிந்து மூச்சுக்குழாய் காக்கப்படும். நன்றாக நினைவு தெளியும் வரை நீரும் மருந்தும் வாயில் ஊற்றலாகாது. 5 நிமிடத்தைக் கடந்தாலோ, தெளியுமுன் மீண்டும் வந்தாலோ, நீரில் விழுந்திருந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, கருவுற்ற பெண்ணாயின், அல்லது இதுவே முதன்முறையாயின் 108-ஐ அழையுங்கள்.

சாவிக்கொத்தைக் கையில் திணிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. வலிப்பு தானாகவே அடங்கும்; அடங்கிய வேளையில் சாவி கையில் இருப்பதால் சாவிக்குப் புகழ். வெங்காயத்தை மோந்து பார்க்கச் செய்வது மற்றொன்று. வெங்காயமே வாங்காத நம் வீட்டார் ஒருவர் அதற்காக அண்டை வீட்டுக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்ட நேரத்தில் அருகில் அமர்ந்து கையைப் பற்றியிருந்தால், கண் விழிக்கும்போது அந்தப் பிள்ளை கூட்டத்தைக் காணாமல் ஒரு முகத்தைக் கண்டிருக்கும்.

எல்லா வலிப்பும் விழுந்து துடிப்பதன்று. பள்ளியில் இதை அறியாமையே பெருந்தீங்கு. நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி. அவளுடைய சொல்வதெழுதுதல் ஏட்டை அறிவியல் ஆசிரியை ஒருவர் கொணர்ந்து என்னிடம் காட்டினார். வாக்கியத்தின் நடுவே இரண்டு மூன்று சொற்கள் காணாமற் போயிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஓர் எழுத்துப்பிழையும் இராது. கவனம் இல்லாத பிள்ளையின் ஏடு அப்படி இராது. பிழைகள் எங்கும் சிதறிக் கிடக்கும். இதுவோ யாரோ கத்தரித்து எடுத்தாற்போல இருந்தது. வகுப்பில் இதற்காக அவள் பலமுறை வெளியே நிறுத்தப்பட்டிருந்தாள். ஆசிரியை கூர்ந்து நோக்கியதில், அவ்வேளைகளில் அவள் விழி நிலைகுத்தி, இமை படபடத்து, பத்து நொடியில் மீள்வதைக் கண்டார். பெற்றோர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அவர் அவளை மூன்று நிமிடம் ஆழ்ந்து மூச்சு விடச் செய்தார். அவர் கண்ணெதிரிலேயே அது வந்தது. மருந்து தொடங்கிய சில மாதங்களில் ஏட்டில் வாக்கியங்கள் முழுமையாயின. இவ்வகை வலிப்பு குழந்தைகள் பலருக்கு வளர வளர நீங்கிவிடும். நீங்காமல் நிற்பது, மக்குப் பிள்ளை என்று நாம் இட்ட பெயர்.

பெற்றோர் பள்ளியில் சொல்ல அஞ்சுகின்றனர். அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. சொன்ன பிறகு விளையாட்டிலிருந்தும் சுற்றுலாவிலிருந்தும் பிள்ளையை விலக்கிவிடும் பள்ளிகள் உண்டு. நீச்சலிலும் மரமேறுவதிலும் மட்டும் துணை ஒருவர் அருகிருக்க வேண்டும். மற்றபடி பெரும்பாலான பிள்ளைகள் ஓடலாம், ஆடலாம். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்சுக்கு வலிப்பு நோய் உண்டு என்று சொன்னால் நம் இளைஞர்கள் நம்ப மறுக்கிறார்கள். அவர் பாய்ந்து பிடித்த பந்துகளைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள்தாமே நாம்!

பணியிடம் பற்றிப் பேசும்போது இவ்வவையில் முதலாளிமார் பலர் அமர்ந்திருப்பதை மறக்கவில்லை. உயரத்தில் ஏறும் வேலை, திறந்த நெருப்பு, காப்பில்லா எந்திரம், வண்டி ஓட்டுதல் ஆகியவை வலிப்பு அடங்காதவர்க்கு ஆகா. ஓட்டுநர் உரிமத்திற்கான உறுதிமொழிப் படிவத்திலேயே இந்நோய் பற்றிய கேள்வி உள்ளது. ஆகவே நகைப்பட்டறையில் ஊதுகுழல் பிடிப்பவரைக் கணக்கு மேசைக்கு மாற்றலாம். மெப்ஸ் வளாகத்திலும் பழைய மாமல்லபுரச் சாலையிலும் இரவுப்பணி பார்ப்பவர்க்குப் பகற்பணி கேட்டுப் பெற உதவலாம். இவை பெருஞ்செலவு அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நாட்பட்ட நரம்பு நோய்களுக்கு எடுத்துக்காட்டாக மல்டிபிள் ஸ்கிலிரோசிசையும் பார்க்கின்சன் நோயையும் பெயர் சொல்கிறது. வலிப்பைப் பெயர் சொல்லவில்லை. எனவே பல இடங்களில் இவர்களின் வேலை முதலாளியின் மனத்தை நம்பியே நிற்கிறது. சண்முகம் சாலையில் ஒரு கடையில் ஓர் இளைஞர் மயங்கி விழுந்தார். மறுநாள் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டனர். நான்கு ஆண்டுகள் அவருக்கு வலிப்பு வந்ததில்லை. அந்த வாரம் விற்பனை நெருக்கடியில் மூன்று இரவுகள் அவரைக் கடையிலேயே தங்க வைத்திருந்தனர்.

திருமணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும். 1976-இல் அதில் ஒரு திருத்தம் புகுந்து, அடிக்கடி வரும் வலிப்பைப் பித்தோடு சேர்த்துத் திருமணத்திற்குத் தடையாக்கியது. 1999-இல் மற்றொரு திருத்தத்தால் வலிப்பு என்ற சொல் நீக்கப்பட்டது. சட்டம் நீக்கியதைச் சாதகப் பொருத்தம் பார்ப்போர் இன்னும் நீக்கவில்லை. மறைத்துச் செய்த மணங்களில் மருமகள் மாத்திரையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நிறுத்துகிறாள். முதல் வலிப்பு புகுந்த வீட்டில் வருகிறது. இரு வீட்டாரும் முன்னரே அறிந்து செய்யும் மணத்தில் இத்துயர் இல்லை. மகப்பேறு குறித்த அச்சமும் பெரிதும் வேண்டாததே. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் 1998 முதல் வலிப்பு நோயுள்ள தாய்மாருக்கெனப் பதிவேடு ஒன்று வைத்துத் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். பெரும்பாலோர் நலமாகவே பிள்ளை பெறுகின்றனர். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்கு ஊறு செய்யக்கூடும். ஆதலால் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். கருவுற்றது தெரிந்ததும் தாமே மருந்தை நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் கேடு.

முதியோர் இல்லங்கள் நம் பகுதியில் பல. பக்கவாதம் வந்த முதியவர்க்குப் பின்னாளில் வலிப்பு வருதல் உண்டு. அது சிறிது நேரக் குழப்பமாக மட்டும் தோன்றி, மறதி என்று ஒதுக்கப்பட்டுவிடும். அங்குப் பணிசெய்வோர்க்கு இதனைச் சொல்லித் தர வேண்டும்.

நாள்தோறும் சானடோரியம் நிலையத்தைக் கடந்து வருகிறோம். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அவர்கள் காசநோயாளிகளுக்காக அமைத்த மருத்துவ இல்லத்தால் அந்நிலையத்திற்கு அப்பெயர். அங்கே ரயில் நிற்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டோர் இருந்த காலத்தை மூத்தோர் அறிவர். பின்னர் 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பலரும் விலக்கியபோது ஏற்றுக்கொண்டதும் அம்மருத்துவமனையே. இன்று அந்த நிலையத்தில் இறங்கி வீட்டுமனை வாங்குகிறோம். பெயரைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரு நோயின் பெயர் ஓர் ஊரின் பெயராகி அச்சம் நீங்கிற்று.

நம் முன்னோர் தானத்தை ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்காக வகுத்தனர். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என அறநூல்களுக்கே மருந்தின் பெயர் இட்ட சமணப் புலவர் மரபு நமது. ஔடத தானத்தை நம் அறக்கட்டளை ஆண்டுதோறும் முகாம் வைத்துச் செய்கிறது. அபயதானத்தை உயிர்க்கொலை தவிர்த்தல் என்ற அளவில் நிறுத்திவிடுகிறோம். வலிப்பு உள்ளவர் அஞ்சுவது வலிப்புக்கு அன்று. அது வரும்போது அவர்க்கு நினைவே இராது. அவர் அஞ்சுவது, கண் திறக்கும்போது எதிரே நிற்கும் நமக்கு. ஆகவே "உன் நோயைச் சொல்" என்று முதலில் கேட்பது முறையாகாது. "சொன்னாலும் உன் வேலை போகாது, உன் பள்ளியிடம் போகாது, உன் நோன்பு இழுக்காகாது" என்று முதலில் நாம் வாக்களிக்க வேண்டும். கடை வைத்திருப்போர் இதனைத் தம் பணியாளரிடம் இவ்விழா முடியுமுன் சொல்லலாம். நோயாளிக்கு உதவுதலாகிய வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. துறவியரைக் கருதிச் சொல்லப்பட்டதை இல்லறத்தார்க்கும் விரித்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு.

அறக்கட்டளையாரிடம் இரண்டு வேண்டுகோள்களை எழுத்தாகவே கொடுத்திருக்கிறேன். அனந்த சதுர்த்தசி நோன்பு ஏற்போர் பெயர் கொடுக்கும் தாளில், "நாள்தோறும் மருந்து உண்பவரா?" என்ற ஒரு வரி சேர்க்க வேண்டும், ஆம் என்போர்க்கு வேறு தவம் ஒன்றை மூத்தோர் தனியே எடுத்துரைக்க வேண்டும். இரவுப் பாராயணத்திற்கு வருவோர் பாதியில் எழுந்து உறங்கச் செல்வதற்குப் பக்கத்து அறையில் பாய் விரித்து வைக்க வேண்டும். ஏன் எழுந்து போனாய் என்று எவரும் கேட்கலாகாது.

நம்மிடையே உள்ள செவிலியர் ஒருவர், விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கும் முறையை இப்பொழுது மேடைக்கு முன்னே செய்து காட்ட இசைந்துள்ளார். இளைஞர்கள் இருவர் முன்வர வேண்டும். கதிரவன் மறைய இன்னும் 50 நிமிடங்களே உள்ளன. உணவு முடிக்க வேண்டியவர்களும் மாலை மாத்திரை உண்ண வேண்டியவர்களும் இருப்பதால் இத்துடன் அமைகிறேன்.